பழைய ஊற்றுப் பேனாக்கள்: சேர்த்தலும் செப்பனிடுதலும்

முன்னுரை

நம் வீட்டுப் பரண்களிலும் இரும்புப் பெட்டிகளிலும் எத்தனையோ பழம்பொருள்கள் உறங்குகின்றன. பித்தளைச் செம்பு கிடைத்தால் புளியிட்டு விளக்கி வைக்கிறோம். பழைய நாணயம் கிடைத்தால் பத்திரப்படுத்துகிறோம். ஆனால் மை உறைந்து, மூடி இறுகிப்போன ஒரு பழைய ஊற்றுப் பேனா கிடைத்தால், "இது இனி எழுதாது" என்று குப்பையில் போட்டுவிடுகிறோம். இது சரிதானா? பழைய பேனாக்களுள் பெரும்பாலானவை பழுதடைந்தவை அல்ல, அழுக்கடைந்தவையே. சிறிது தண்ணீரும், நிறைந்த பொறுமையும் இருந்தால் அவை மீண்டும் எழுதும். அத்தகைய பேனாக்களைத் தேடிச் சேர்ப்பது எப்படி, செப்பனிடுவது எப்படி, அதனால் விளையும் நன்மை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்தாணி முதல் ஊற்றுப் பேனா வரை

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதினர். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பதால் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர். அதனால் எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரித்தறிவது கடினமாயிற்று. அக்குறையை நீக்க எழுத்தின் வடிவத்தில் மாற்றம் செய்தவர் நம் மதுரை மறைத்தளத்தில் தொண்டாற்றிய வீரமாமுனிவர் ஆவார். எழுதும் கருவி எழுத்தின் வடிவத்தையே மாற்றவல்லது என்பதை இதனால் அறிகிறோம்.

காகிதம் வந்தபின் இறகுப் பேனாவும், மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவும் வந்தன. சில சொற்கள் எழுதுவதற்குள் மை தீர்ந்துவிடும். மீண்டும் தொட வேண்டும். மையைத் தன்னுள்ளே சுமந்து செல்லும் பேனா வேண்டும் என்று பலர் முயன்றனர். பாரிசில் கல்வி பயின்ற பெத்ராக்கே பொயனாரு என்னும் ருமேனிய மாணவர் 1827ஆம் ஆண்டில் இத்தகைய பேனாவுக்குப் பிரெஞ்சு நாட்டில் காப்புரிமை பெற்றார். ஆயினும் மை சில வேளை வராமலும், சில வேளை கொட்டிவிடுவதாயும் இருந்தது. 1884ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவே மையைச் சீராகத் தரும் பேனாவாக விற்பனையில் வெற்றி கண்டது.

பேனா எவ்வாறு எழுதுகிறது?

செப்பனிட விரும்புவோர் முதலில் அதன் வேலையை அறிய வேண்டும். ஊற்றுப் பேனாவின் முக்கிய உறுப்புகள் ஐந்து. அவை மை நிற்கும் உடல், விரல் பிடிக்கும் கழுத்து, நிப்பு, நிப்பின் அடியில் ஒட்டியிருக்கும் நாக்கு, மூடி என்பனவாம்.

மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை இட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சீராக இறங்காது. இன்னொரு துளையும் இட்டால் அதன் வழியே காற்று உட்புக, எண்ணெய் தடையின்றி இறங்கும். பேனாவிலும் இதுவே நடைபெறுகிறது. நாக்கின் மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதனுள் இன்னும் மெல்லிய கீறல்கள் உள்ளன. கீறல்கள் வழியே மை இறங்க, பள்ளத்தின் வழியே காற்று ஏறுகிறது.

அப்படியானால் மை முழுதும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதா? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான நுண்புழை ஏற்றமே இங்கும் துணைபுரிகிறது. நாக்கின் நுண்ணிய கீறல்களும் நிப்பின் நடுப்பிளவும் மையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காகிதம் நிப்பின் நுனியைத் தொட்டதும், காகிதத்தின் நார்கள் மையைத் தம்பால் இழுக்கின்றன. எடுத்தவுடன் ஓட்டம் நிற்கிறது. ஆகவே ஊற்றுப் பேனாவால் எழுத அழுத்தம் தேவையில்லை, தொட்டாலே போதும்.

நிப்பு பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. விலை மிகுந்தவற்றில் 14 காரட் தங்க நிப்பு உண்டு. மையிலுள்ள அமிலம் தங்கத்தை அரிக்காது என்பதே அதற்குக் காரணம். தங்கம் மென்மையானது. ஆதலால் அதன் நுனியில் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடின உலோகக் கலவையின் சிறு மணி ஒட்டப்பட்டிருக்கும். பல்லாண்டுகள் ஒருவரே எழுதும்போது அம்மணி அவர் கை சாய்க்கும் கோணத்திற்கேற்பத் தேய்கிறது. பெரியவர்கள் தம் பேனாவை இரவல் தரத் தயங்கியதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா?

நம் நாட்டுப் பேனாக்கள்

தொடக்கத்தில் பேனாக்கள் அந்நிய நாடுகளிலிருந்தே வந்தன. சுதேசி உணர்வு பரவியபோது, பேனாவையும் நாமே செய்வோம் என்று பலர் முன்வந்தனர். ஆந்திராவின் ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்னம் என்பவர் 1932ஆம் ஆண்டில் பேனாத் தொழிலைத் தொடங்கினார். அவர் செய்த பேனா ஒன்று ஜே. சி. குமரப்பா அவர்கள் வழியாகக் காந்தியடிகளுக்குச் சென்றது. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர். காந்தியப் பொருளாதார அறிஞர். பின்னாளில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். அப்பேனாவால் எழுதிப் பார்த்த காந்தியடிகள், 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் வார்தாவிலிருந்து ரத்னத்திற்கு நன்றிக் கடிதம் எழுதினார். கடைவீதியில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என அதில் பாராட்டினார்.

பேனாவுக்கு மை வேண்டுமே! 1934ஆம் ஆண்டில் வங்காளத்தில் தோன்றிய சுலேகா மை, சுதேசி மையாகப் புகழ்பெற்றது. நம் தமிழகத்தில் சென்னை ரத்தன் பஜாரில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்டு கம்பெனி, பேனாப் பிரியர்களின் நெடுநாளைய கடையாகும். திருவள்ளூரில் கையால் கடைந்து செய்யப்படும் ரங்கா பேனாக்கள் வெளிநாடுகளிலும் விரும்பி வாங்கப்படுகின்றன.

நமக்கு அருகிலேயே பெருமைப்படத்தக்க ஊர் ஒன்று உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர்தான் அது. சாத்தூர் என்றவுடன் காரச்சேவும் வெள்ளரிக்காயும் நம் நினைவுக்கு வரும். ஆனால் நம் தாத்தாக்கள் காலத்தில் சாத்தூர் என்றால் பேனா நிப்பு என்றே பொருள். அங்கே நிப்புத் தொழில் குடிசைத் தொழிலாக நடைபெற்றது. ஒரு நிப்பு உருவாகும் விதத்தை அறிந்தால் வியப்போம். மெல்லிய எஃகுத் தகட்டை நிப்பின் வடிவில் வெட்ட வேண்டும். நடுவில் துளையிட வேண்டும். பெயர் பொறிக்க வேண்டும். வளைக்க வேண்டும். நுனியைச் சரிசெய்து, துளைவரை நேராகப் பிளக்க வேண்டும். பின்பு சாணையிட்டு மெருகேற்ற வேண்டும். இத்தனை கைகளைக் கடந்து வந்த ஒரு நிப்பைத்தான் நம் முன்னோர் சில காசுகளுக்கு வாங்கி மாட்டிக்கொண்டனர்.

ஏன் மறைந்தன?

ஹங்கேரி நாட்டு லாஸ்லோ பிரோ 1938ஆம் ஆண்டில் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அது மை சிந்தாது, விலையும் குறைவு, நிரப்பும் வேலையும் இல்லை. 1980களில் வெள்ளை உடலும் நீல மூடியுமாக வந்த ரெனால்ட்ஸ் பேனா பள்ளிகளில் எங்கும் பரவியது. நிப்பு வாங்குவோர் குறைந்தனர். சாத்தூர் நிப்புத் தொழிலும் நலிந்தது.

பந்துமுனைப் பேனாவை நாம் குறை கூறவில்லை. நம் தேர்வுகளை அதனால்தானே எழுதுகிறோம்! ஆனால் எழுதித் தீர்ந்ததும் எறியும் பேனா, மண்ணில் மக்காத பிளாஸ்டிக் குப்பையாகக் கிடக்கிறது. ஊற்றுப் பேனாவோ உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. நிப்பு போனால் நிப்பை மட்டும் மாற்றலாம். நம் ஊரின் பெயரைத் தாங்கிய கோம்பை நாயையே எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டு நாய்களின் மோகத்தில் ஒரு காலத்தில் புறக்கணிக்கப்பட்ட அவ்வினத்தை இன்று பலர் தேடி வளர்க்கின்றனர். அவ்வாறே பழைய பேனாவின் மதிப்பையும் இன்று பலர் உணரத் தொடங்கியுள்ளனர்.

தேடுதலும் அடையாளம் காணுதலும்

பேனா சேர்ப்பதற்குப் பணம் தேவையில்லை. முதலில் நம் வீட்டில் தேடுவோம். பிறகு பெரியப்பா, தாய்மாமா வீடுகளில் கேட்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், ஏலக்காய் வியாபாரிகளின் கணக்குப்பிள்ளைகள் ஆகியோரிடம் பழைய பேனா இருக்கக்கூடும். கேட்டுப் பெற வேண்டுமேயன்றி எடுத்துக்கொள்ளல் ஆகாது. கொடுக்க மனமில்லை என்றால், செப்பனிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லலாம்.

கிடைத்த பேனா எதனால் ஆனது என்று முதலில் அறிய வேண்டும். நம் நாட்டுப் பழைய பேனாக்கள் பல எபோனைட்டால் ஆனவை. இயற்பியல் ஆய்வகத்தில் கம்பளியால் தேய்த்து மின்னூட்டம் பெறச் செய்கிறோமே, அதே எபோனைட்தான். ரப்பருடன் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது அளவு கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் இக்கடினப் பொருள் கிடைக்கிறது. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக நாற்றம் வரும். வந்தால் அது எபோனைட் என்று கொள்ளலாம்.

அடுத்து, மை நிரப்பும் முறையை அறிய வேண்டும். உடலைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவது ஒரு வகை. உடலின் பக்கத்தில் உள்ள நெம்புகோலை இழுத்து, உள்ளிருக்கும் ரப்பர் பையை அமுக்கி மை உறிஞ்சச் செய்வது இரண்டாம் வகை. ஹீரோ பேனாக்களில் காண்பதுபோல் உலோகக் கூட்டினுள் உள்ள பையை விரலால் அமுக்குவது மூன்றாம் வகை. பின்புறத்தைத் திருகினால் உள்ளே தண்டு நகர்ந்து மை உறிஞ்சுவது நான்காம் வகை.

செப்பனிடும் முறை

1. உற்று நோக்கல்: உருப்பெருக்கிக் கண்ணாடியால் பேனா முழுவதையும் பார்க்க வேண்டும். மூடியின் விளிம்பிலும் கழுத்திலும் விரிசல் உண்டா எனக் காண வேண்டும். நிப்பிலும் கிளிப்பிலும் உடலிலும் உள்ள எழுத்துகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கழற்றல்: உலர்ந்த மை பசைபோல் ஒட்டியிருக்கும். குறடு கொண்டோ, பல்லால் கடித்தோ திருகக் கூடாது. மரைப் பகுதியில் சொட்டு நீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபின் துண்டைச் சுற்றிப் பிடித்தால் கை வழுக்காது. இன்று வராவிட்டால் நாளை வரும்.

3. ஊற வைத்தல்: ஒரு தம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, நிப்பும் கழுத்தும் மட்டும் நனையுமாறு நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் நீலமாகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். ஃபில்லரால் கழுத்தின் பின்புறத்திலிருந்து நீரைப் பீய்ச்சினால் அழுக்கு வெளியேறும். வரும் நீர் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும். ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம்.

4. நாக்கைத் துலக்கல்: நீர் தடையின்றிச் சென்றால் நிப்பையும் நாக்கையும் கழற்றவே வேண்டாம். அடைப்பு நீங்காவிடில், இரண்டையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மென்மையான பழைய பல்துலக்கியால் பள்ளத்தைத் துலக்கலாம். ஊசியால் குடைந்தால் கீறல்கள் அகன்று, பின் மை கொட்டும்.

5. நிப்பைச் சீராக்கல்: நிப்பின் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் காகிதத்தைக் கீறும். ஏறியிருக்கும் பாதியை நகத்தால் மெல்ல அமுக்கி, மீண்டும் மீண்டும் கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

6. ரப்பர் பை மாற்றல்: ரப்பர் பை காலப்போக்கில் காய்ந்து நொறுங்கிவிடும். நொறுங்கிய துகள்களை அகற்றி, அதே அளவுள்ள புதிய பையை அவலரக்குக் கரைசலால் ஒட்ட வேண்டும். இப்பணியை அறிந்தவரிடம் கொடுப்பதே நலம்.

7. சோதித்தல்: எல்லாவற்றையும் பூட்டியபின் முதலில் தண்ணீரை நிரப்பி, வெள்ளைத் துணியின் மேல் ஓர் இரவு வைக்க வேண்டும். மரை வழியே கசிந்தால் அங்கே சிறிது சிலிகான் கிரீஸ் தடவலாம். கசியாவிட்டால் மை நிரப்பலாம்.

மை நிரப்பியபின் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஃபில்லரால் நிரப்பும் பேனாவில் மை பாதிக்கும் கீழே குறைந்தால், உள்ளே காற்று மிகுகிறது. கைச்சூட்டில் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். சட்டைப் பையில் கறை படிந்த கதை இதுதான். மை குறையும்போதே நிரப்பிக்கொண்டால் இத்தொல்லை இல்லை.

செய்யத் தகாதவை

எபோனைட் பேனாவை வெந்நீரில் இடக் கூடாது, நிறம் மாறிவிடும். உடலையும் மூடியையும் நெடுநேரம் நீரில் ஊற வைப்பதும் தவறு. வெயிலில் பளபளத்த கறுப்பு பழுப்பாகிவிடுமாதலால் நிழலில் உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் போன்றவற்றால் துடைத்தால் சில வகைப் பிளாஸ்டிக் கரைந்து கெடும். பழைய செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். ஆதலால் அவ்வகைப் பேனாவை அடுப்பு, விளக்கு அருகே கொண்டு செல்லவே கூடாது. நிப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தல், பிளேடால் சுரண்டுதல் ஆகிய பழக்கங்களையும் விட்டொழிக்க வேண்டும். ஓவியம் வரையும் இந்தியன் இங்க், ரப்பர் ஸ்டாம்ப்பு மை முதலியவற்றை ஊற்றினால் உள்ளே கட்டியாகி அடைத்துவிடும். ஊற்றுப் பேனாவுக்கென விற்கும் மையே ஏற்றது.

பளபளப்பில் ஆசை கொண்டு பற்பசையால் தேய்ப்போரும் உளர். பழைய பேனாக்கள் பலவற்றில் உரிமையாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். திருவிழாக் கடைகளில் பேனாவில் பெயர் வெட்டிக்கொள்வது அக்கால வழக்கம். அப்பெயரைத் தேய்த்து அழித்துவிட்டால் பேனா மின்னும். ஆனால் அதன் வரலாறு மறைந்துவிடும்.

குறிப்பேடு

தபால் தலை சேர்ப்போர் ஆல்பம் வைப்பதுபோல், பேனா சேர்ப்போர் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். பேனாவின் பெயர், நிப்பில் உள்ள எழுத்து, நிறம், நிரப்பும் முறை, கிடைத்த நாள், செய்த பழுது ஆகியவற்றை எழுத வேண்டும். இவற்றினும் முதன்மையானது, அதனால் எழுதியவர் யார், என்ன எழுதினார் என்பது. ஒரு பேனா தோட்டத்துச் சம்பளக் கணக்கு எழுதியிருக்கும். ஒன்று இராணுவத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கும். நம் திருமுழுக்கையும் நம் பெற்றோரின் திருமணத்தையும் பங்கின் பதிவேட்டில் எழுதியதும் ஒரு பேனாதான். இவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் காலம் பெரியவர்கள் நம்முடன் இருக்கும் காலமே. பேனா காத்திருக்கும், பெரியவர்கள் எப்போதும் காத்திருக்க மாட்டார்கள்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் வீடுகளில் அகப்படும் பழைய பேனாக்கள் பெரும்பாலும் தாத்தாக்களுடையவை. பாட்டியின் பேனா என்று ஒன்று கிடைப்பது அரிது. ஆசிரியையாகவோ, செவிலியாகவோ, கன்னியராகவோ இருந்தவர்களிடம் மட்டுமே அது இருந்தது. நம் பாட்டிமாருள் பலர் காட்டிலும் தோட்டத்திலும் உழைத்தனர், ஏலக்காய் ஆய்ந்தனர், கூலிக்கும் பத்திரத்துக்கும் கைநாட்டு வைத்தனர். ஆயினும் தாத்தா மறைந்தபின் அவர் பேனாவைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் இத்தனை ஆண்டுகள் காத்து வைத்தவர் யார்? எழுதத் தெரியாத அப்பாட்டியே அல்லவா! ஆகவே குறிப்பேட்டில் "எழுதியவர்" என்பதன் கீழே "காத்தவர்" என்று ஒரு வரியும் சேர்ப்போம். அதில் பாட்டியின் பெயரை முழுமையாக எழுதுவோம். பேனாவைச் செப்பனிட்டதும் முதலில் எழுத வேண்டிய பெயரும் அதுவே.

முடிவுரை

தோழியரே! பழைய பேனாவைச் செப்பனிடுவதால் நுண்புழை ஏற்றத்தை நூலில் மட்டுமன்றிக் கையிலும் கற்கிறோம். அவசரப்படாமல் காத்திருக்கக் கற்கிறோம். எறிவதற்கு முன் பழுது பார்க்கலாமா என்று எண்ணக் கற்கிறோம். சாத்தூர்த் தொழிலாளர் போன்றோரின் கைத்திறனை மதிக்கக் கற்கிறோம். எழுத்தாளர்களின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித பிரான்சிஸ் சலேசியாரும் கடிதங்கள் வழியாகவே பலருக்கு ஆறுதலும் அறிவுரையும் அளித்தார். நாமும் இக்கோடை விடுமுறையில் ஆளுக்கொரு பழைய பேனாவைத் தேடி எடுப்போம். அதைத் தூய்மை செய்து, மை நிரப்பி, தொலைவில் வாழும் உறவினர் ஒருவருக்கு நம் கைப்பட ஒரு கடிதம் எழுதுவோம். அந்தக் கல்வியும் உரிமையும் கிடைக்காத பாட்டிமாருக்கு அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினால், அப்பேனாவின் பயன் முழுமை பெறும்.